கிரவல் ஒழுங்கை போட நினைக்கிறவர்கள் கவனம்: எனக்குப் போனது 148,000 ரூபாய்

இன்று காலை ஐந்தரை மணிக்கு, பதினான்கு லீற்றர் பாலோடு ஸ்கூட்டி சரிந்தது. சரிந்த இடம், எட்டு நாளைக்கு முன் 148,000 ரூபாய் கொடுத்து, கிரவல் (கல் கலந்த செம்மண்) கொட்டிப் புதிதாகப் போட்ட எங்கள் வீட்டு ஒழுங்கை. முழங்கால் உரஞ்சியதைப் பற்றிக் கவலையில்லை. பால் செம்மண்ணோடு கலந்து ஓடியதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. அந்தச் சூட்டோடு எழுதுகிறேன், முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் இடம் வன்னியில், மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் நடுவில். பெரிய ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் ஒழுங்கை நூற்றியெண்பது அடி நீளம், பத்தடி அகலம். பக்கத்தில் வயல். 2018 மார்கழி வெள்ளத்தில் ஒருதரம் அறுத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு மாரியும் சில்லுத் தடம் ஆழமாகிக்கொண்டே வந்தது. போன வருடம் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக வந்த ஓட்டோக்காரர் வாசலுக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இந்த ஐப்பசிக்கு முன்னம் எப்படியும் போட்டுவிடுவது என்று, பத்து மாதம் கட்டிய சீட்டை எடுத்தேன்.

ஆளைப் பிடித்தது ஓர் இணையத் தளத்தில். பெயர் சொல்லவில்லை. வீடு, வளவு, வாகனம், மண், கல் எல்லாவற்றுக்கும் விளம்பரம் போடுகிற வகைத் தளம், எல்லோருடைய போனிலும் இருக்கும். விளம்பரத்தில் நல்ல சிவப்பு ரோட்டு ஒன்றின் படம். இப்போது அதைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன், ரோட்டோரம் வரிசையாக ரப்பர் மரம். எங்கட பக்கத்தில் எந்த ஒழுங்கையில் ரப்பர் மரம் வரிசையாக நிற்கிறது? அன்றைக்கு அது கண்ணில் படவில்லை.

ஆள் வந்தான். முப்பது வயது இருக்கும், நெற்றியில் திருநீறு, மரியாதையான கதை. அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தான். டேப் பிடித்து அளந்தான். பிறகு ஒழுங்கையில் குந்தியிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்துவிட்டுச் சொன்னதைச் சொல்கிறேன், ஏனென்றால் நான் நம்பி ஏமாந்தது அந்தக் கதையில்தான்.

"அக்கா, உங்களுக்குப் பிரச்சினை மண் இல்லை, தண்ணி. நடு தாழ்ந்து போச்சு, தண்ணி பக்கத்தால போகாமல் சில்லுத் தடத்தால ஓடுது. கிடங்குக்குள்ள மண்ணைக் கொட்டினால் ரெண்டு மழை தாங்காது. முதல்ல பெக்கோ மெசினால பழைய தடம் அடி தெரிய வழிச்சு எடுக்கவேணும். நடுவில இருந்து கரைக்கு அடிக்கு அரை அங்குலம் சரிவு விடவேணும். உங்கட பத்தடிக்கு நடு ரெண்டரை அங்குலம் உயர நிக்கும். ஆறு அங்குலத்தையும் ஒரேயடியாய்க் கொட்டினால் மேல்தான் இறுகும், அடி பொதுபொதுவெண்டு கிடக்கும். மூண்டு மூண்டு அங்குலமாய் ரெண்டு தரம் போட்டு, தண்ணி தெளிச்சு, ரோலர் விடவேணும். கரையில வாய்க்கால். அவ்வளவுதான் அக்கா, பத்து வருசம் யோசிக்காதேங்கோ."

இதில் ஒரு சொல் பிழை இல்லை. அந்தப் பத்து வருடத்தைத் தவிர. வீதி வேலையில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் பெரியப்பாவிடம் நேற்றுக் கேட்டேன், "சொன்னதெல்லாம் சரியான முறைதான் பிள்ளை" என்றார். வேலை தெரியாதவன் ஏமாற்றியிருந்தால் என் மடைமை என்று விட்டிருப்பேன். இவன் வேலையை வடிவாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, எனக்கும் படிப்பித்துவிட்டு, அதில் ஒன்றையும் செய்யாமல் போயிருக்கிறான்.

கணக்கு இதுதான். கிரவல் 12 கியூப் (ஒரு கியூப் என்றால் 100 கன அடி), கியூப் 8,000 படி 96,000. பெக்கோவும் ரோலரும் 45,000. தண்ணி பவுசர் 7,000. மொத்தம் 148,000. டீசலுக்கும் குவாரிக்கும் முன்காசு வேணும் என்று 100,000 வங்கியில் போடச் சொன்னான். கணக்கு வேறொரு பெயரில் இருந்தது. "மனிசியின்ர கணக்கு அக்கா, என்ர கார்ட் துலைஞ்சு போச்சு." போட்டேன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பின்னேரம் நாலு மணிக்கு வந்தார்கள். நாலு டிப்பர் மண். மூன்று கியூப் டிப்பர், நாலு தரம், 12 கியூப் என்று சொன்னான். தம்பியின் மகன், பதினைந்து வயது, பள்ளிக்கூடம் விட்டு வந்து நின்றவன், டிரைவர் தேத்தண்ணி குடிக்கிற நேரம் பெட்டியை டேப்பால் அளந்து கொப்பியில் எழுதினான். "மாமி, இது ரெண்டு கியூப்கூட வராது" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பெரிய ஆக்கள் வேலை செய்யேக்க சும்மா இரு" என்று அவனை உள்ளே அனுப்பினேன். இன்றைக்குத்தான் அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். நீளம் பத்தடி, அகலம் ஆறரை, உயரம் மூன்று. 195 கன அடி. நாலு லோட்டும் சேர்த்து எட்டுக் கியூப் இல்லை. மண்ணில் மட்டும் 33,000 ரூபாய்க்கு மேல் அடித்திருக்கிறான். அதுவும் பெட்டி நிறைய இருந்தது என்று வைத்துக்கொண்டால்.

பெக்கோ பழைய தடத்தைத் தொடவே இல்லை. கொட்டிய மண்ணை மேலால் இழுத்து விட்டது, ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. தண்ணி பவுசர் வரவில்லை. ரோலரும் இல்லை. "இருட்டுது அக்கா, ரோலர் நாளைக்குக் காலமை வரும். டிப்பர் ஓடினதிலயே அரைவாசி இறுகிட்டு." மீதி 48,000-ஐ அந்த இடத்தில் நின்று எண்ணிக் கையில் கொடுத்தேன். நீங்கள் திட்டுவதற்கு முன்னம் நானே என்னைத் திட்டிவிட்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் மழை. பெரிய மழைகூட இல்லை, முக்கால் மணித்தியாலம். பெக்கோ இழுத்த மண் இரண்டு கரையிலும் வரம்பு மாதிரி உயர்ந்து நின்றது. தண்ணீர் வெளியே போக வழியில்லை. பாய்ந்ததெல்லாம் பழைய சில்லுத் தடத்துக்கு மேலேயே. திங்கள் காலை பால் கொண்டு போகும்போது தடம் நாலு அங்குலம், இன்று அரை அடி. மண்ணும் கிரவல் இல்லை. கை வைத்தால் களி ஒட்டுகிறது, நடுநடுவே மரவேரும் தேங்காய் அளவு கல்லும். நல்ல கிரவலில் சின்னக் கல்லும் மணலும், பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் களியும் கலந்து இருக்கவேண்டும். களி கூடினால் மழைக்குச் சவர்க்காரம். களியே இல்லாவிட்டால் கோடைக்குக் கல் உருளும்.

இனிக் கதை போனில். வெள்ளி காலை எடுத்தேன்: ரோலர்காரரின் தகப்பன் செத்துவிட்டாராம். சனி: டீசல் இல்லையாம். ஞாயிறு: மழைக்குப் பிறகு எடுத்தால், "அக்கா, மழை பெய்ததுக்கு நான் என்ன செய்ய?" மழைக்காகத்தானே தம்பி ரோட்டே போட்டது! திங்கள்: "படம் எடுத்து அனுப்புங்கோ, பார்ப்பம்." ஏழு படம் அனுப்பினேன், இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் விழவில்லை. செவ்வாயிலிருந்து போன் நிற்பாட்டியிருக்கிறது. செத்துப் போன தகப்பன் உண்மையாகவே செத்திருந்தால் அவருக்கு என் அனுதாபம்.

அந்தத் தளத்துக்கு எழுதினேன். "உங்கள் முறைப்பாடு கிடைத்தது" என்று ஒரு மணித்தியாலத்தில் வந்தது. இரண்டு நாள் கழித்து, தாங்கள் விளம்பரம் போட இடம் மட்டுமே கொடுப்பதாகவும் கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பில்லை என்றும் வந்தது. விளம்பரத்தை எடுத்தார்கள், அது உண்மை. புதன்கிழமை அதே ரப்பர் மரத்தோடு, அதே படம், வேறு பெயரில் திரும்ப நிற்கிறது. அதையும் காட்டி எழுதினேன். "உங்கள் முறைப்பாடு கிடைத்தது." பொலிசில் பில் இருக்கா என்று கேட்டார்கள். 100,000-க்கு வங்கித் துண்டு இருக்கிறது, வேறொரு பெயரில். 48,000-க்கு நானும் அங்கே நிற்கிற மாமரமும்தான் சாட்சி.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன். மாட்டுக்கு வைக்கோல் போடவேண்டும், வானமும் கறுக்கிறது, அதனால் சுருக்கமாக. டிப்பர் வந்தவுடன் பெட்டியை அளந்து பாருங்கள், பொடியன் சொன்னால் கேளுங்கள். புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப் பத்திரத்தைக் கேளுங்கள், அது இல்லாத மண் எந்தக் கிடங்கில் வழித்ததோ தெரியாது. ஒரு பிடி மண்ணைப் போத்தலில் தண்ணீரோடு குலுக்கி வையுங்கள், அடியில் கல்லும் மணலும் எவ்வளவு, மேலே களி எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியும். ரோலர் வளவுக்குள் வந்து நிற்கும் வரை மீதிக் காசைக் கையால் தொடாதீர்கள். வேறு பெயரில் உள்ள கணக்கில் ஒரு சதமும் போடாதீர்கள்.

ஏற்கெனவே தடம் விழுந்திருந்தால் மண் மட்டும் கொட்டாதீர்கள், தடத்தின் கரையைக் கொத்திக் கலந்து நிரப்புங்கள். மழை விட்டு ஈரம் இருக்கும்போது பெரியப்பா லாண்ட்மாஸ்டரின் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பின்னால் பனங்குற்றி கட்டி இழுப்பார், அவருடைய ஒழுங்கை இன்றைக்கும் சமனாகக் கிடக்கிறது. காய்ந்த பிறகு இழுத்தால் புழுதிதான்.

நானும் மருமகனும் இப்போது மண்வெட்டியோடு போய் அந்தக் கரை வரம்பைப் பத்தடிக்கு ஒன்றாக வெட்டித் தண்ணியை வயல் பக்கம் திருப்பப் போகிறோம். கொங்கிரீட் போட்டிருக்கலாமே என்று கீழே எழுத வருகிறவர்கள், முதலில் என் 148,000-ஐ வாங்கித் தாருங்கள்.