தை மாதக் கல்யாணமும் சம்பங்கி மணவறையும்: எங்கள் வீட்டு அலங்காரக் குழுவைப் பற்றி

தங்கை கல்யாணம் போன தையில் மதுரையில் நடந்தது. வரவேற்பு மேடை, மணவறை, மண்டப வாசல் மூன்றையும் இந்தக் குழுவிடம்தான் ஒப்படைத்தோம். மொத்தம் 1,85,000 ரூபாய் ஆனது, அதில் பெரும்பகுதி பூவுக்கு. ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுக்கிறேன். அரை ஏன் குறைந்தது என்று பிறகு சொல்கிறேன்.

மற்ற இடங்களில் போய் உட்கார்ந்ததும் ஆல்பத்தைத்தான் நீட்டினார்கள். ராஜஸ்தான் அரண்மனை, பேஸ்டல், கோயில் தீம், எது வேண்டுமோ தொட்டுக் காட்டுங்கள் என்றார்கள். இவர்களில் மூத்தவர் ஆல்பத்தைத் திறக்கவே இல்லை. “முகூர்த்தப்பட்டு என்ன கலர்மா?” என்று கேட்டார். அடுத்ததாக, “மேடை எந்தத் தெச பாத்திருக்கு?” அந்த இரண்டு கேள்விக்காகவே இவர்களிடம் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

திசை ஏன் முக்கியம் என்பது மண்டபத்தில் நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. நாங்கள் பிடித்த மண்டபத்தில் மேடை தெற்குப் பார்த்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் கிழக்குப் பார்த்து உட்கார வேண்டும் என்பதில் அப்பத்தா உறுதியாக இருந்தார். அப்படி உட்கார்ந்தால் கூட்டத்துக்குப் பக்கவாட்டில்தான் தெரிவார்கள். அவர்கள் முகத்துக்கு நேரே கேமரா வைத்தால், படத்தில் பின்னால் வருவது மேடையின் மேற்குச் சுவரும் அதிலுள்ள சுவிட்ச் போர்டும். எல்லோரும் வடக்குச் சுவருக்குத்தான் செலவழிப்பார்கள். இவர்கள் அங்கே எளிமையாக முடித்துவிட்டு, மேற்குப் பக்கம் மேலிருந்து தரைவரை சம்பங்கிச் சரங்களைத் திரை மாதிரி தொங்கவிட்டார்கள். தாலி கட்டும் படத்தில் இருவருக்கும் பின்னால் இருப்பது அந்த வெள்ளைதான். கூட்டம் இருக்கும் பக்கத்தில் மணவறைக்குத் தூணே வைக்கவில்லை. கடைசி வரிசை நாற்காலியில் இருந்த பெரியப்பாவுக்கும் மூன்று முடிச்சும் தெரிந்தது.

தீம் என்று பார்த்தால், தங்கைக்கு முதலில் பேஸ்டல் மேல்தான் ஆசை. வெளிர் ரோஜா, வெளிர் நீலம் எல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படங்களில் மணமக்களும் வெளிர் நிறத்தில் உடுத்தியிருப்பார்கள். எங்கள் மேடையில் ஏறப்போவது அரக்குப் பட்டு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், அத்தைமார்களின் அகலச் சரிகை. அத்தனை அடர்ந்த நிறங்களுக்கு நடுவே வெளிர் ரோஜா வெளுத்துப்போன துணியாகத்தான் தெரியும். மூத்தவர் ஒரு பட்டுத்துண்டை வெவ்வேறு துணிமேல் வைத்துக் காட்டினார், தங்கையே வேண்டாம் என்றுவிட்டாள். கோயில் தீமை நான் தடுத்தேன். மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்களைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள் முன்னால் தெர்மோகோல் கோபுரம் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் வெள்ளை, பச்சை, கொஞ்சம் மஞ்சள் என்று மூன்றே நிறத்தில் நின்றோம். குருத்தோலைத் தோரணம், குலை தள்ளிய வாழை, பாக்குக் குலை, பித்தளைக் குத்துவிளக்கு. உறவுக்காரர்கள் உட்கார மேடையோரம் பவானி ஜமுக்காளம். அதன் பட்டைக் கோடுகள்தான் மேடையில் இருந்த ஒரே அடர் நிறம்.

பூ விஷயத்தில் இவர்களின் நேர்மையைச் சொல்லியாக வேண்டும். மதுரைக் கல்யாணம், அதனால் மல்லிகைப் பந்தல்தான் என்று அம்மா ஆசைப்பட்டார். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ, ஊருக்கே பெருமை. ஆனால் மார்கழி, தையில் பனியால் வரத்து குறைந்து, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லி கிலோ 2,000 ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். முகூர்த்த நாள் என்றால் கேட்கவே வேண்டாம். விலையைக்கூட விடுங்கள், மல்லி மொட்டு ராத்திரி விரியும், காலை முகூர்த்தத்துக்குள் ஓரம் பழுப்பேறிவிடும். சம்பங்கி தண்ணீர் தெளித்தால் மறுநாளும் நிமிர்ந்து நிற்கும். “மல்லி தலையில இருக்கட்டும்மா, தூண்ல வேணாம்” என்று மூத்தவரே சொன்னார். மல்லி மாற்றுமாலையிலும் பெண்களின் கூந்தலிலும் மட்டும் இருந்தது. அதனால் யாரும் அருகில் வந்தால் வாசனை வந்தது, அம்மாவுக்கும் நிறைவு.

பச்சை ஸ்பாஞ்சில் பூ குத்தும் வழக்கம் இப்போது எல்லா மண்டபத்திலும் இருக்கிறது. அது மக்காத பிளாஸ்டிக். வேண்டாம் என்றோம், முகம் சுளிக்காமல் வாழைமட்டையை வெட்டி அதில் குத்தினார்கள். குருத்தோலையை முதல்நாளே பின்னினால் வாடிவிடும் என்று, வரவேற்பு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெரியவர் மேடையோரம் உட்கார்ந்து விடியவிடியப் பின்னினார். கிளி, குருவி, பின்னல் சங்கிலி எல்லாம் அவர் கைவேலை. ஓமகுண்டத்துக்கு மேலே துணி விதானம் கட்டலாமா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டபோது உடனே மறுத்தார்கள். நெருப்புக்கு மேல் துணி வேண்டாம் என்ற அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்தது.

வெளிச்சம் பற்றிக் கல்யாண வீட்டில் யாரும் யோசிப்பதில்லை. நீல எல்இடி போட்டால் மேடை ஜொலிக்கும், ஆனால் அரக்குப் பட்டு கறுப்பாகத் தெரியும். சிவப்புத் துணி திருப்பி அனுப்ப அந்த வெளிச்சத்தில் சிவப்பு இருக்காது. முகமும் வெளிறிப்போகும். இவர்கள் வரவேற்புக்கு மஞ்சள் சாயலுள்ள 3,000 கெல்வின் விளக்குகளை மட்டும் போட்டார்கள். போட்டோ எடுத்தவர் நிறத்தைத் திருத்தவே தேவைப்படவில்லை என்று சொன்னார்.

இனி குறைகள். வாசலுக்கும் மேடைக்கும் காட்டிய அக்கறை சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகும் நடையில் இல்லை. அங்கே இரண்டு மாவிலைத் தோரணத்தோடு விட்டுவிட்டார்கள். மேடையின் கிழக்கு ஓரத்தில் வைத்த பெரிய பூத்தூண், நாதஸ்வரக்காரர்களுக்கு மணவறையை மறைத்தது. ஐயர் கையசைப்பது தெரியாமல் அவர்கள் எப்படிக் கெட்டிமேளம் கொட்டுவார்கள்? விடிகாலையில் தவில்காரர் சொல்லித்தான் நகர்த்தினோம். கேட்டதும் மறுபேச்சின்றி நகர்த்தினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது பிரித்த விதம். ஆணிகளையும் கட்டுக்கம்பிகளையும் தூணிலேயே விட்டுப் போய்விட்டார்கள், மண்டபத்தில் எங்கள் முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். வண்டி வாடகையும் பில்லில்தான் முதன்முறையாகத் தெரிந்தது. அரை நட்சத்திரம் இந்த இரண்டுக்காகவே. நீங்கள் பேசும்போது வண்டி, பிரிக்கும் கூலி, சுத்தம் செய்வது எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிஜப் பூ எவ்வளவு, துணிப் பூ எவ்வளவு என்பதையும் அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள், இவர்கள் தயங்காமல் எழுதித் தருவார்கள்.

வைகாசியில் சித்தி மகனுக்குக் கல்யாணம், அதற்கும் இவர்களிடமே முன்பணம் கொடுத்திருக்கிறோம். அது மல்லி கொட்டும் காலம், முகூர்த்தமும் சாயங்காலம். அதனால் இந்த முறை அம்மா கேட்ட மல்லிப் பந்தலுக்கு மூத்தவரே சம்மதித்துவிட்டார். சரங்களை மதியம் மொட்டாகவே கட்டி, ஈரத்துணியில் வைத்திருந்து, கடைசி நேரத்தில் ஏற்றுவதாகத் திட்டம்.