வாட்ஸ்அப் பிசினஸ்: சேலை விற்கும் செயலியும் வாடிக்கையாளர் நம்பரும்

சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை எடுத்து வீட்டில் இருந்தபடியே ஆன்லைனில் விற்கிறேன். 2020 ஊரடங்கில் தொடங்கியது. வெப்சைட் கிடையாது, தெருவில் கடை கிடையாது, கடை என்றால் அது வியாபாரிகளுக்கென்றே இருக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலிதான், இன்ஸ்டாகிராமில் படம் பார்த்துவிட்டு வருகிறவர்களும் கடைசியில் "வாட்ஸ்அப் நம்பர் குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். புதிதாக ரீசெல்லிங், அதாவது வாங்கி விற்கும் வியாபாரம், தொடங்கும் பெண்கள் பலர், இந்த இலவசச் செயலி போதுமா, காசு கட்டி வேறு ஏதாவது வாங்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். யூடியூபில் நான் பார்த்த வீடியோக்கள் எல்லாம் ஆர்டரை எப்படிக் கூட்டுவது என்பதோடு நின்றுவிடுகின்றன. நம்மை நம்பி ஒருவர் தன் நம்பரையும் வீட்டு முகவரியையும் கொடுக்கிறாரே, அது அப்புறம் எங்கெல்லாம் போகிறது என்ற பேச்சே இல்லை. நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டேன், அதனால் எனக்கு அதுதான் முதலில் படுகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், நிறைய இருக்கிறது. கேட்டலாக் என்ற விற்பனைப் பட்டியலில் 500 பொருள் வரை போடலாம். ஒவ்வொரு சேலைக்கும் ஒரு எண் கொடுத்து, படம், விலை, பிளவுஸ் உண்டா இல்லையா, முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதா அச்சடித்ததா என்று எழுதி வைத்துவிட்டால் "விலை என்ன" என்ற கேள்வியே பாதியாகக் குறைந்துவிடுகிறது, விற்ற சேலையை உடனே மறைத்தும் வைக்கலாம். அப்புறம் லேபிள். பணம் வரவேண்டியது, பணம் வந்தது, கூரியரில் போட்டது என்று சாட்டுக்குச் சாட்டு ஒட்டிக்கொண்டே போகலாம், 20 லேபிள் வரை உண்டு. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரமும் எனக்குக் கணக்குப்பிள்ளை இந்த லேபிள்தான். இன்னொன்று குயிக் ரிப்ளை: ஒரு சாய்கோடும் ஓரிரு எழுத்தும் தட்டினால் நாம் எழுதி வைத்த முழுச் செய்தியும் வந்து நிற்கும். "முதல் துவைப்பு உப்புத் தண்ணீரில் தனியாக, நிழலில் காயப்போடுங்கள்" என்பதை ஒரு நாளைக்கு இருபது தடவை கையால் தட்டியவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாகப் போகும்படி ஒரே தட்டில் அனுப்பும் வசதி, அதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒரு பட்டியலில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும், அதிலும் நம் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். இது எனக்கு ஆரம்பத்தில் பெரிய எரிச்சல். இவ்வளவு நம்பர் கையில் இருந்தும் எல்லாருக்கும் ஒரே தட்டில் அனுப்ப முடியவில்லையே என்று புலம்பியிருக்கிறேன். இப்போது இந்தச் செயலியிலேயே நான் அதிகம் மதிக்கும் விஷயம் இதுதான். ஒரு பெண் என் நம்பரைச் சேமிக்கிறாள் என்றால் என் செய்தி வர வேண்டும் என்று அவளே முடிவு செய்திருக்கிறாள். சேமிக்காதவளுக்கு அது வேண்டாம், அவ்வளவுதான்.

குரூப் வேறு கதை. முதல் வருடம் எல்லாரையும் ஒரே குரூப்பில் போட்டேன், கேட்காமலே போட்டேன். குரூப்பில் இருக்கும் எவருக்கும் மற்ற எல்லாருடைய நம்பரும் தெரியும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை, அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. வாடிக்கையாளர் போலச் சேர்ந்த இரண்டு மூன்று பேர், என் குரூப்பில் இருந்த நம்பர்களை எடுத்துத் தங்கள் குரூப்பில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு அக்காவுக்கு நள்ளிரவில் யாரோ ஒரு ஆண் "ஹாய்" அனுப்பத் தொடங்க, அவர் வீட்டில் சண்டையே வந்துவிட்டது. "உன் குரூப்ல இருந்துதான் எடுத்திருக்கான்மா" என்று அவர் சொன்னபோது எனக்குப் பதில் இல்லை. மறுநாளே குரூப்பைக் கலைத்தேன். இப்போது பல குரூப்களை ஒன்றாகச் சேர்க்கும் கம்யூனிட்டி வசதி இருக்கிறது, அதன் அறிவிப்புக் குரூப்பில் உறுப்பினர்களின் நம்பர் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த சேனல், அதாவது நாம் மட்டும் பதிவு போட மற்றவர்கள் பின்தொடரும் வசதி, இன்னும் நல்லது, பின்தொடர்கிறவர் நம்பர் மற்றவர்களுக்குத் தெரியாது, நடத்துகிறவர் நம்பரும் அவர்களுக்குத் தெரியாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தயவுசெய்து குரூப்பில் தொடங்காதீர்கள்.

ஸ்டேட்டஸிலும் இதே மாதிரி ஒரு பழக்கம் நம் எல்லாரிடமும் இருக்கிறது. "சூப்பரா இருக்கு சிஸ்டர்" என்று ஒருவர் அனுப்பியதும் பெயர், படம், நம்பர் எல்லாம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுவிடுகிறோம். பார்சல் கட்டி அடுக்கி வைத்ததும் ஒரு போட்டோ, அதில் மேலே இருக்கும் கவரில் முகவரி பளிச்சென்று தெரியும். எத்தனை பேர் தனியாக வாடகை வீட்டில் இருக்கிறார்கள், எத்தனை பேர் வீட்டில் சொல்லாமல் சேலை வாங்குகிறார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்? இப்போது நான் கவரைக் கவிழ்த்து வைத்துத்தான் படம் எடுக்கிறேன்.

எனக்குப் பெரிய அடி விழுந்தது இதற்கெல்லாம் அப்புறம்தான். விற்பனை கொஞ்சம் மந்தமான ஒரு ஆடி மாதம், விளம்பரம் செய்து தருகிறோம் என்று ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி வந்தது, பெயர் சொல்லப்போவதில்லை. உங்களிடம் ஏற்கெனவே வாங்கியவர்களின் பட்டியலை எக்ஸெல்லில் கொடுங்கள், ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் அவர்களுக்கே விளம்பரம் காட்டலாம், அவர்களைப் போன்ற வேறு ஆட்களையும் கண்டுபிடிக்கலாம் என்றார்கள். சொன்ன விஷயம் பொய்யில்லை, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விளம்பரத் தளத்தில் கஸ்டம் ஆடியன்ஸ் என்று அப்படி ஒரு வசதி உண்மையிலேயே இருக்கிறது. நம் பட்டியலில் உள்ள நம்பரும் மின்னஞ்சலும் அடையாளம் தெரியாத குறியீடாக மாற்றப்பட்டு, மெட்டாவிடம் ஏற்கெனவே இருக்கும் கணக்குகளோடு பொருத்திப் பார்க்கப்படும். அந்தப் பட்டியலைப் பயன்படுத்த உனக்கு உரிமை இருக்க வேண்டும் என்பது அங்கேயும் நிபந்தனை. நான் அதை என் கணக்கில் நானே ஏற்றியிருக்கலாம். செய்யவில்லை. எக்ஸெல்லை அப்படியே மெயிலில் அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வாடிக்கையாளர் ஒரு செய்தியை எனக்கு ஃபார்வர்டு செய்தார். முன்பின் தெரியாத நம்பரில் இருந்து வேறு ஏதோ ஒரு துணி வியாபார விளம்பரம், தொடக்கத்தில் "வணக்கம் மாம்பழக்கலர் அக்கா" என்று இருந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அந்தப் பெயரில் அவரைச் சேமித்து வைத்திருந்தது உலகத்திலேயே நான் ஒருத்திதான். எப்போதும் மாம்பழ மஞ்சள் கேட்பார், ஞாபகத்துக்காக அப்படி வைத்தேன், எக்ஸெல்லிலும் அதே பெயரோடுதான் போயிருக்கிறது. ஏஜென்சியைக் கேட்டால் எங்களுக்குத் தெரியாது என்றார்கள். பட்டியலை அழித்துவிட்டோம் என்றார்கள். அழித்தார்களா என்று நான் எப்படிப் பார்ப்பது? அந்த அக்கா திட்டவில்லை. "என் நம்பரை எடுத்துடுங்க" என்று மட்டும் எழுதினார், எடுத்துவிட்டேன், நான்கு வருட வாடிக்கை அதோடு முடிந்தது. என் போனில் அழிக்க முடிந்தது. வேறு யார் யார் கம்ப்யூட்டரிலோ இருக்கும் வரியை என்னால் அழிக்க முடியாது.

அதற்குப் பிறகுதான் செயலிக்குள் இருக்கும் பாதுகாப்பு விஷயங்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தேன். 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகள் அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கத்தோடுதான் போகின்றன, பிசினஸ் செயலியில் நாம் வாடிக்கையாளரோடு பேசுவதும் அப்படித்தான், அது பெரிய நிம்மதி. ஆனால் கூகுள் டிரைவில் ஏறும் பேக்கப்புக்கு அந்தப் பூட்டு தானாக வராது, 2021-இல் கொண்டுவந்த மறையாக்கப் பேக்கப் வசதியை நாமே போய் இயக்கினால்தான் உண்டு. ஆறு இலக்க பின் போடும் இரட்டைச் சரிபார்ப்பும் அப்படியே. அது இல்லாமல் ஓடிபி-யை யாரிடமாவது சொல்லி ஏமாந்தால் நம் கணக்கு பறிபோய், நம் பெயரில் நம் வாடிக்கையாளர்களிடமே பணம் கேட்பார்கள். நம் கணக்கு வேறு எந்தெந்தக் கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறது என்று காட்டும் 'இணைத்த சாதனங்கள்' பக்கத்தையும் திறந்து பாருங்கள். பார்சல் வேலைக்கு வந்த பெண் நின்று இரண்டு மாதம் ஆகியும், அவளுடைய அண்ணன் லேப்டாப்பில் என் கடை முழுக்கத் திறந்தே கிடந்தது, அவர்கள் தவறாக ஒன்றும் செய்யவில்லை என்றாலும் அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

செய்தியின் உள்ளே பார்க்க முடியாவிட்டாலும், யார் எந்தக் கடையோடு எப்போது பேசுகிறார் என்பது போன்ற விவரங்கள் நிறுவனத்திடம் சேர்கின்றன, செயலியின் பெரிய குறை என்று நான் நினைப்பது இதைத்தான். வாட்ஸ்அப்பை ஃபேஸ்புக் 2014-இல் 1900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோதே எழுந்த கேள்வி இது. 2021 ஜனவரியில் புதிய தனியுரிமைக் கொள்கையை ஏற்றே ஆக வேண்டும் என்று அறிவிப்பு வந்து, எல்லாரும் சிக்னல், டெலிகிராம் என்ற வேறு செயலிகளுக்கு ஓடியது ஞாபகம் இருக்கும். அந்த விவகாரத்தில் இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது, மெட்டா மேல்முறையீட்டுக்குப் போனது. நானும் சிக்னலுக்குப் போய்ப் பார்த்தேன். வாடிக்கையாளர் வரவில்லை. ஆள் இருக்கும் இடத்தில்தான் கடை போட முடியும்.

காசு கட்டும் ஏபிஐ, அதாவது நிறைய செய்தி அனுப்பும் நிறுவனங்கள் தங்கள் கணினியோடு வாட்ஸ்அப்பை இணைத்துக்கொள்ளும் வசதி, வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: மாதம் சில நூறு ஆர்டருக்குள் இருந்தால் வேண்டாம். அதில் செய்திக்குச் செய்தி கட்டணம், விளம்பரச் செய்திக்கு ஒரு விலை, ஆர்டர் தகவலுக்கு ஒரு விலை. வாடிக்கையாளர் நமக்குச் செய்தி அனுப்பிய 24 மணி நேரத்துக்குள் சாதாரணமாகப் பதில் சொல்வதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் பெரும்பாலும் நடுவில் ஒரு சேவை நிறுவனம் வரும், நம் வாடிக்கையாளர் பேசுவது அவர்களுடைய கணினியிலும் இருக்கும். அவர்கள் யார், எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள், நான் விலகினால் அழிப்பார்களா என்று எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "ஒரே கிளிக்கில் பத்தாயிரம் பேருக்கு" என்று விற்கும் மலிவு சாஃப்ட்வேர் பக்கம் போகவே வேண்டாம், அது வாட்ஸ்அப் விதிக்கு எதிரானது, நம்பர் முடங்கினால் கடையே மூடினமாதிரி.

சட்டமும் வந்துவிட்டது என்பதை நம் பெண்கள் பலர் இன்னும் கேள்விப்படவே இல்லை. 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதத்தின் உச்சம் 250 கோடி ரூபாய். அது நம் மாதிரி சின்ன வியாபாரிக்கு எழுதிய எண் இல்லைதான், ஆனாலும் வீட்டில் இருந்து விற்கிறேன் என்பதற்காகச் சட்டம் நம்மை விட்டுவிடாது, சொந்த வீட்டு உபயோகத்துக்குத்தான் விலக்கு. எதற்காக நம்பரை வாங்குகிறோம் என்று தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும், அந்த அறிவிப்பைத் தமிழில் கேட்கும் உரிமையும் வாடிக்கையாளர்களுக்கு உண்டு. அந்த அக்காவுக்கு நான் செய்தது எவ்வளவு தவறு என்று இதைப் படித்தபோதுதான் முழுதாக உறைத்தது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன் இந்தச் செயலிக்கு, ஒன்றைக் குறைத்தது நிறுவனத்திடம் சேரும் அந்த விவரங்களுக்காக. குரூப், எக்ஸெல், ஸ்கிரீன்ஷாட் மூன்றும் நான் செய்தவை, அதற்குச் செயலி பொறுப்பில்லை. இப்போது வாடிக்கையாளர் பெயருக்குப் பக்கத்தில் எதுவும் சேர்ப்பதில்லை, டெலிவரி ஆகி ஒரு மாதம் போனதும் முகவரியை அழித்துவிடுகிறேன், அடுத்த தடவை திரும்பக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. முதல் ஆர்டர் போட்டவர்களுக்குக் குயிக் ரிப்ளையில் ஒரு செய்தி போகிறது, வேண்டுமானால் நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்: "உங்கள் பெயர், நம்பர், முகவரி மூன்றும் இந்தப் பார்சலுக்கு மட்டும்தான், வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன். புதுச் சேலை வரும்போது படம் வேண்டும் என்றால் 'அனுப்புங்க' என்று எழுதுங்கள். எப்போது வேண்டாம் என்றாலும் 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை போதும்." எல்லாரும் 'அனுப்புங்க' என்று எழுதுவதில்லை. எழுதியவர்களின் பட்டியல் முன்பைவிடச் சின்னதுதான், ஆனால் படம் அனுப்பினால் பதில் வருகிறது.