ராகமவா, வீடா: இடுப்பு முள்ளெலும்பு சத்திரசிகிச்சைக்குப் பின்

தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு முள்ளெலும்பு நொருங்கி, திருகாணியும் தண்டும் பொருத்தப்பட்ட ஒருவரை வாட்டிலிருந்து விடும்போது, வன்னிக் குடும்பங்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கொழும்புக்கு அருகே ராகமவில் உள்ள வாத, புனர்வாழ்வு வைத்தியசாலையில் வாரக்கணக்கில் தங்கிப் பயிற்சி பெறுவது. மற்றது, வீட்டிலிருந்தபடியே கிளிநொச்சி, முல்லைத்தீவு அல்லது வவுனியா வைத்தியசாலையின் இயன்மருத்துவ (பிசியோதெரபி) பிரிவுக்குப் போய்வருவது.

இரண்டையும் 'எங்கே சீக்கிரம் நடப்பார்' என்ற கேள்வியால் அளப்பது தவறு. முள்ளந்தண்டுவடம் பெரும்பாலும் முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடுவதால், அதற்குக் கீழே அடிபடுவது நரம்பு வேர்கள்தான். அவை ஓரளவு மீள இடமுண்டு. முழங்காலை நீட்டும் தசைக்கு வலு இருந்தால், கணுக்காலைத் தாங்கும் பட்டிகளுடனும் ஊன்றுகோலுடனும் நடக்கப் பழகலாம். ஆனால் உயிருக்கு ஆபத்தைக் கொண்டுவருபவை சலப்பையும் (சிறுநீர்ப்பை) தோலும். பலருக்குச் சலம் தானாக வெளியேறாது; நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சுத்தமான குழாயைத் தாமே செலுத்தி, 500 மில்லிலீற்றருக்கு மேல் தேங்கவிடாமல் எடுக்க வேண்டும். படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்ப வேண்டும். சக்கர நாற்காலியில் அடிக்கடி உடலைத் தூக்கிப் பிட்டத்தின் பாரத்தைத் தளர்த்த வேண்டும்.

இந்த ஒழுங்கைப் பழக்குவதில் ராகம வெல்கிறது. இயன்மருத்துவரும் அன்றாட வேலைகளைப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் தாதியரும் ஒரே கூரையின் கீழ் இருக்க, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதை நாள்தோறும் பழகுவதற்கு, கிழமைக்கொருமுறை கிளினிக் போய் அரை மணித்தியாலம் பழகுவது ஈடாகாது. ஆனால் வடபகுதிப் புகையிரதங்கள் ராகம வழியாகவே போனாலும், அந்தத் தூரம் முதுகுப் பட்டியுடன் பயணிப்பவருக்குச் சிறியதல்ல. கூட நிற்பவரின் கூலிவேலை நின்றுபோகும். சிங்களம் தெரியாதவர் பயிற்சியின் பாதியைச் சைகையாலேயே விளங்கிக்கொள்ள நேரும்.

வீட்டுவழியின் பலம் வேறு. ஆஸ்பத்திரியின் வழுவழுப்பான தளத்தில் நாற்காலியை ஓட்டப் பழகியவர் கிரவல் ஒழுங்கையில், அதுவும் மாரியில், திணறிவிடுவார். குந்தியிருக்கும் மலசலகூடத்தைக் கொமோட் ஆக்குவது, வாசல்படியைச் சரிவாக்குவது, கதவை அகட்டுவது ஆகியவற்றை வீட்டில் வந்து பார்த்துத்தான் தீர்மானிக்கலாம். மாங்குளத்தில் இயங்கும் உயிரிழை அமைப்பினரைப் போல, போரில் முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்டு ஆண்டுக்கணக்காக நாற்காலியில் வாழ்பவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். படுக்கைப் புண்ணைப் பற்றி அவர்கள் சொல்வதை எந்தத் துண்டுப்பிரசுரமும் சொல்லாது. சூட்டெண்ணெய் பூசி உருவிவிடுவதை மூன்றாவது வழியாகக் கணக்கில் எடுக்கவே மாட்டேன்: உணர்வற்ற தோல் வெந்தாலும் நோயாளிக்குத் தெரியாது.

சலமும் மலமும் கட்டுப்பாட்டில் இல்லாத ஒருவரை, கூட நிற்க ஒருவர் இருந்தால், முதலில் ராகமவுக்கே அனுப்புவேன். கால் பலவீனம் மட்டும் உள்ளவருக்கு வீடும் கிளினிக்கும் போதும். எந்த வழியானாலும், எலும்பு பொருந்தியதை வைத்தியர் எக்ஸ்ரேயில் பார்த்துச் சொல்லும்வரை குனிவதும் முறுகுவதும் பாரம் தூக்குவதும் கூடாது. ராகமவிலிருந்து திரும்புவதற்கு முன்னரே மேசனைக் கூப்பிட்டு மலசலகூடக் கதவை அளந்துவிட வேண்டும். நாற்காலியின் அகலத்தை அங்கிருந்தே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம்.