799 ரூபா சேஃப்டி ரிப்போர்ட்டும், காசில்லாம கெடச்ச பால்டிமோர் போலீஸ் கணக்கும்

பாப்பாவுக்கு அமெரிக்காவுல பால்டிமோர்ல எம்.எஸ். சீட் கெடச்சுருச்சுன்னு மெயில் வந்த அன்னிக்கு சேலம் செவ்வாய்ப்பேட்டை பட்டறையில எல்லாருக்கும் மைசூர்பா வாங்கிக் கொடுத்தேங்க, அன்னிக்கு ராத்திரியே கோயம்புத்தூர்ல இருந்து மச்சான் போன் போட்டு "மாமா, அது கொலைகார ஊரு, பொட்டப்புள்ளைய எதுக்கு அங்க அனுப்பறீங்க"ன்னுட்டான். வீட்டுல அவங்க அம்மா அழுகை. எனக்கும் தூக்கம் இல்ல. கொலுசு பட்டறை வெச்சு 22 வருஷம் ஆச்சு, டச், அதாவது வெள்ளியோட தரம், பாக்காம ஒரு கட்டி வெள்ளி வாங்குனதில்ல, புள்ளை விஷயத்துல மட்டும் யாரோ சொன்னாங்கன்னு எப்படி முடிவு பண்றது?

அப்பதான் அமெரிக்க ஊருங்களுக்கு ஏரியா வாரியா சேஃப்டி மார்க் போட்டுத் தர்ற ஒரு ஆப்ல 799 ரூபா கட்டி ரிப்போர்ட் வாங்குனேன். பேரு போடல, ஆனா இந்த மாதிரி ரிப்போர்ட் வாங்கப்போறவங்க இதப் படிச்சுட்டு வாங்குங்க. 14 பக்கம், முதல் பக்கத்துலயே ஊரு பூரா செக்கச்செவேல்னு ஒரு மேப், மார்க்கு எஃப், ஃபெயிலுன்னு அர்த்தம். அதப் பாத்ததும் சீட்டே வேண்டாம்னு தோணுச்சு. மறுநாள் பட்டறையில ஒட்டு பாக்குற லென்ஸ வெச்சுத்தான் கடைசிப் பக்கத்துல பொடி எழுத்தப் படிச்சேன், கணக்கு 2021 வரைக்கும்தானாம்! நான் வாங்குனது 2025 ஏப்ரல்ல. அதோட கார் திருட்டையும் கொலையையும் ஒரே மார்க்குல கலந்து வெச்சிருக்காங்க, பாப்பாகிட்ட கார் ஏது. எழுதிக் கேட்டேன், பதில் வரல.

இந்த நாலு வருஷ இடைவெளி சின்ன விஷயம் இல்லைங்க. பால்டிமோர்ல 2015ல இருந்து 2022 வரைக்கும் எட்டு வருஷமும் வருஷத்துக்கு 300க்கு மேல கொலை, 2019ல 348. அப்புறம் 2023ல 260 சொச்சம், 2024ல 201. பழைய கணக்க விக்கிறவன் இந்த எறக்கத்த பூராவும் மறைச்சுட்டான். அதுக்காக பயமே இல்லைன்னு நான் சொல்லல. அந்த ஊரு ஜனத்தொகை 2020 கணக்குல 5.85 லட்சம், அப்படின்னா 2024ல லட்சம் பேருக்கு 35 கொலை கிட்ட வருது, அமெரிக்கா முழுசுக்கும் சராசரி 5 கிட்டதான். நம்ம சேலம் மாநகராட்சி 2011 கணக்குல 8.29 லட்சம், அந்த விகிதத்த இங்க போட்டுப் பாத்தா வருஷத்துக்கு 290 கொலை, நெனச்சாலே வயித்தக் கலக்குது.

மொத்த எண்ண விட லட்சத்துக்கு எவ்வளவுன்னு பாக்கறதுதான் சரி, ஆனா அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. பால்டிமோர் சிட்டி 1851லயே பக்கத்து கவுன்ட்டில (நம்ம ஊரு மாவட்டம் மாதிரி) இருந்து பிரிஞ்சு தனியா நிக்குது, வசதியான சுத்துப்பட்டு ஊருங்க எல்லாம் கணக்குக்கு வெளிய. மத்த சிட்டிங்க பலதுல அமைதியான புறநகரும் உள்ள சேந்து வந்து விகிதத்த எறக்கிரும். ஊருக்கு ஊரு இப்படி ரேங்க் போடாதீங்கன்னு, நாடு முழுக்க குற்றக் கணக்கு சேக்கற அமெரிக்க மத்திய புலனாய்வு அமைப்பு எஃப்பிஐயே சொல்லுது. எஃப்பிஐ தளத்த பாக்கறவங்க 2021 வருஷத்த மட்டும் ஜாக்கிரதையா பாருங்க, அந்த ஜனவரில கணக்கு சேக்கறதுக்கு புது முறைக்கு மாறுனதுல நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் கணக்கே அந்த வருஷம் சேரல.

இப்ப நல்ல விஷயத்துக்கு வர்றேன். ஓப்பன் பால்டிமோர்னு அந்த ஊரு நிர்வாகமே ஒரு தளம் வெச்சிருக்கு, போலீஸ் கணக்கு அப்படியே கெடைக்குது, ஒரு பைசா வேண்டாம். ஒவ்வொரு வரியிலயும் தேதி, மணி, எந்தத் தெருவுல எந்த பிளாக்கு (ரெண்டு குறுக்குத் தெருவுக்கு நடுவுல உள்ள துண்டு), கத்தியா துப்பாக்கியா, எல்லாம் இருக்கு. சுட்டு காயமானது தனி, வழிப்பறி தனி, கார் திருட்டு தனி. பாப்பா பாத்து வெச்ச மூணு வீட்டு அட்ரஸையும் எடுத்துக்கிட்டு, சனிக்கிழமை ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்து கடைசி ஒரு வருஷத்த பட்டறை நோட்டுல செவப்பு மையில குறிச்சோம். வாடகை கம்மின்னு அவளுக்குப் புடிச்ச வீடு இருக்கே, அதச் சுத்தி நாலு பிளாக்குல சாயங்காலம் ஏழுக்கு மேல துப்பாக்கி காட்டி பிடுங்குனது திரும்பத் திரும்ப வந்துச்சு. அவளே "வேண்டாம்பா"ன்னுட்டா. மூணாவது வீட்டுப் பக்கம் பெரும்பாலும் கார் கண்ணாடி ஒடச்சது, சாமான் தூக்குனதுதான். அத முடிவு பண்ணிட்டோம், மாசம் 90 டாலர் கூட, பரவால்ல.

குறைன்னா, தளத்த தேடிப் புடிச்சு பயன்படுத்தறது சுலபமில்ல, எல்லாம் இங்கிலீஷ், போன்ல சரியா வராது. அப்புறம் புகார் ஆனது மட்டும்தான் அதுல வரும், போலீஸுக்குப் போகாதது வராது.

இன்னொண்ணு எழுதியே ஆகணும். அந்த 201 வெறும் நம்பரு இல்ல, பெரும்பாலும் கறுப்பின வீட்டு வயசுப் பசங்க, 1910லயே எந்த இனம் எந்தத் தெருவுல குடியிருக்கணும்னு சட்டம் போட்ட ஊரு அது, அந்தக் கோடு இன்னைக்கும் மேப்புல கிழக்கயும் மேற்கயும் தெரியுது. எறங்குனதுக்கும் ஆளுங்க பாடுபட்டிருக்காங்க. 2007ல இருந்து சேஃப் ஸ்ட்ரீட்ஸ்னு ஒரு ஏற்பாடு, ஒரு காலத்துல அடிதடில இருந்த ஆளே அதே தெருவுல நின்னு சண்டை முத்தறதுக்கு முன்னாடி பஞ்சாயத்து பேசி விடறாரு. 2022ல இருந்து ஊரு நிர்வாகமும் போலீஸும் துப்பாக்கியத் தூக்க வாய்ப்பிருக்குற கொஞ்சம் பேரத் தேடிப் போய், வேலையும் உதவியும் தர்றோம், மீறுனா கேஸுன்னு நேராவே சொல்றாங்க. கொரோனாவுக்கு அப்புறம் நாடு முழுக்கவே கொலை எறங்குனதும் ஒரு காரணம்தான். ஆனா என் புள்ளை நடக்கப்போற தெருவுல முன்னாடியே நின்ன அந்த மனுசங்களுக்கு நான் கும்பிடு போடறேன்.

ரிப்போர்ட்டுக்கு அஞ்சுக்கு ஒண்ணு, ஓப்பன் பால்டிமோருக்கு நாலு. சேலம் பக்கம் இருந்து புள்ளைய பால்டிமோருக்கு அனுப்பறவங்க இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை பட்டறை லீவு, வீட்டு அட்ரஸோட வந்தீங்கன்னா பக்கத்துல உக்காந்து குறிச்சுத் தர்றேன்.