ஆறு வருட அல்கோ: மோட்டார் தங்கம், மூடிகள்தான் வினை

அல்கோ டீசல் எஞ்சினின் மாதிரி ரயில் வண்டி விலை இறங்கியிருக்கிறது, இப்போது வாங்கலாமா என்று தர்மபுரி நண்பர் கேட்கிறார். அவர் கேட்ட வாரத்தில்தான் ஆறு வருடமாக என்னிடம் இருக்கும் இந்த வண்டி இரண்டாவது முறையாக அதே கோளாறில் நின்று, பிரித்துச் சரிசெய்து முடிந்திருக்கிறது. அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

எச்.ஓ. அளவு (அசலில் 87-இல் ஒரு பங்கு), 16.5 மி.மீ. தண்டவாளம், 12 வோல்ட் டிசி எல்லாம் தெரிந்தவர்களுக்கான குறிப்பு இது. வண்டி டபிள்யூடிஎம்-2, அதாவது நம் ரயில்வேயின் அல்கோ வகை டீசல் எஞ்சின், ஆறு அச்சு, பன்னிரண்டு சக்கரமும் கரண்ட் எடுக்கும். உள்ளே ஐந்து துருவ மோட்டார், இரண்டு பக்கமும் பித்தளைச் சுழற்சக்கரம். கன்ட்ரோலர் குமிழை மெல்லத் திருகினால் கட்டை கட்டையாக எண்ணிக்கொண்டே ஊரும். கரண்டை நிறுத்தினாலும் சட்டென்று நிற்காமல், பாரம் இழுத்த வண்டி போல நாலைந்து அங்குலம் உருண்டு அடங்கும். ஆறு வருடத்தில் இந்த ஓட்டம் கொஞ்சமும் கெடவில்லை. மோட்டார் விஷயத்தில் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஏன் நிற்கிறது? உள்ளே மேல்பக்கம் ஒரு சர்க்யூட் போர்டு. பெட்டியடிச் சக்கரக் கூடுகளிலிருந்து நான்கு ஒயர், மோட்டாருக்கு இரண்டு, முன்பின் விளக்குகளுக்கு நான்கு, ஆகப் பத்து ஒயர் அதில் வந்து சேர்கிறது. பத்தில் ஒன்றுகூட சால்டரிங் கிடையாது. ஒயர் நுனியை மூன்று மி.மீ. சீவி, போர்டின் நாக்கில் மடித்துவைத்து, மேலே ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடியை அமுக்கியிருக்கிறார்கள். மிளகை விடக் கொஞ்சம் பெரிய மூடி. புதிதில் இறுக்கமாகத்தான் இருக்கும். மொட்டைமாடி அறையில் இரண்டு கோடை கண்டால் பிடி தளர்ந்துவிடுகிறது. அடியில் இருக்கும் செம்பு கறுக்கிறது. வளைவில் சக்கரக் கூடு திரும்பும்போதெல்லாம் ஒயரை இழுக்கிறது. ஒருநாள் வண்டி வளைவில் மட்டும் விக்கும், மறுவாரம் நேர்கோட்டிலும் நிற்கும்.

நின்றவுடன் மோட்டாரைப் பிரிக்காதீர்கள். பலர் செய்யும் முதல் தவறு அதுதான், எண்ணெய் விடுவது இரண்டாவது. ஒரே இடத்தில் நின்றால் தண்டவாளத்தைப் பாருங்கள், எங்கே வைத்தாலும் நின்றால் வண்டியைப் பாருங்கள். அடுத்து விளக்கு. விளக்கு எரிந்து மோட்டார் ஓடாவிட்டால் போர்டு வரை கரண்ட் வருகிறது, சந்தேகம் மோட்டார் ஒயர் இரண்டிலும் பல்சக்கரத்திலும். விளக்கும் எரியாவிட்டால் சக்கரத்துக்கும் போர்டுக்கும் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. டிகோடர் (டிஜிட்டல் கட்டளை வாங்கும் சில்லு) போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றி, அந்த இடத்தில் டம்மி பிளக்கைச் செருகி டிசியில் ஓட்டிப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். கன்ட்ரோலரே டிரிப் ஆனால் அது ஷார்ட், வேறு கதை.

மேல்கூட்டைக் கழற்றி, மல்டிமீட்டரை பீப் நிலையில் வையுங்கள். ஒரு முள் வலப்பக்கச் சக்கரத்தில், மறுமுள் போர்டு நாக்கில். ஆறு சக்கரத்தையும் தொட்டுவிட்டு இடப்பக்கம் மாறுங்கள். ஒலி வரும்போதே சக்கரக் கூட்டை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். ஒலி அறுந்து அறுந்து வந்தால் மூடிதான், அல்லது உறைக்குள்ளேயே முறிந்த ஒயர். பின்னது வெளியே பார்த்தால் முழுசாகத் தெரியும், இழுத்தால் ரப்பர் போல நீளும். மோட்டார் ஒயர்களை விடுவித்து 9 வோல்ட் பேட்டரியை நேராகக் கொடுங்கள். சுற்றினால் மோட்டாரை மறந்துவிடலாம்.

பத்தையும் சால்டர் செய்வதுதான் தீர்வு. முதலில் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு ஒரு நேரத்தில் ஒரு மூடியை மட்டும் கழற்றுங்கள். கறுத்த நுனியை வெட்டிவிட்டுப் புதிதாக மூன்று மி.மீ. சீவி ஈயம் பூசுங்கள். நாக்கைக் கண்ணாடியிழைப் பேனாவால் பளிச்சென்று வரும்வரை சுரண்டுங்கள், துகள் மோட்டாருக்குள் விழாமல் கீழே துணி விரித்துக்கொண்டு. 25 வாட் அயர்ன், 60/40 ஈயக் கம்பி, இரண்டு வினாடி. அதற்கு மேல் பிடித்தால் போர்டிலிருந்து செம்புத் தடம் உரிந்து வந்துவிடும். கூட்டுக்குப் போகும் ஒயரைக் கொஞ்சம் தொங்கலாக விட்டு, உங்களிடம் இருப்பதிலேயே இறுக்கமான வளைவில் ஓட்டிப் பார்த்த பிறகே மேல்கூட்டை மூடுங்கள். மோட்டார் ஒயர் இடம் மாறினால் வண்டி பின்னோக்கிப் போகும். வலது தண்டவாளத்தில் பிளஸ் கொடுத்தால் முன்னோக்கிப் போவதுதான் சரி. கழற்றிய மூடிகளைக் குப்பையில் போடுங்கள். அவசரத்துக்கு ஆகட்டும் என்று எடுத்துவைத்தால் அவசரத்தில் அதையே மாட்டுவீர்கள்.

இன்னொரு நோயும் இந்த வகையில் உண்டு. அச்சு இரண்டு துண்டு, நடுவில் பிளாஸ்டிக் பல்சக்கரம் இரண்டையும் கவ்விப் பிடித்திருக்கிறது. அது வருடம் போகப் போக இறுகி, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் மயிரிழையாக விரியும். இதைக் காதாலேயே பிடிக்கலாம். சக்கரக் குறுக்களவு பன்னிரண்டரை மி.மீ., சுற்றளவு கிட்டத்தட்ட 4 செ.மீ. நாலு சென்டிமீட்டருக்கு ஒருமுறை 'டக்' என்று குதித்தால் சந்தேகமே வேண்டாம். லென்ஸ் வைத்து விரிசலைப் பாருங்கள். சூப்பர் க்ளூ இந்தப் பிளாஸ்டிக்கில் ஒட்டாது, புதுப் பல்சக்கரம்தான் வழி. மாட்டிய பிறகு சக்கரங்களின் உள்முக இடைவெளி 14.4 மி.மீ. இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள், இல்லையென்றால் பாயின்ட்டில் (தண்டவாளம் பிரியும் இடத்தில்) தடம் புரளும்.

நம் ஊருக்கென்று சில எச்சரிக்கைகள். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறைக்கு அருகில் வீடு என்றால் எண்ணெயில் கஞ்சத்தனம் காட்டுங்கள். கல்மாவும் எண்ணெயும் கலந்தால் பாலிஷ் போடும் பசைதான், பித்தளைப் புழுப்பல்லை (மோட்டார் சுற்றலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் திருகுப்பல்) அராவித் தின்றுவிடும். குண்டூசி முனையில் ஒரு சொட்டு, புழுப்பல் தண்டின் இரு முனைக்கும், போதும். மோட்டாரில் கரிக்கட்டை (பிரஷ்) உரசும் இடத்தில் ஒரு சொட்டுகூட வேண்டாம். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. ஓசூரில் மார்கழிக் காலையில் அது புட்டிக்குள் உறைந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. சக்கரம் துடைக்க ஹேண்ட் சானிடைசர் எடுக்காதீர்கள், அதில் கிளிசரின் இருக்கிறது, பிசுக்காகப் படியும். சுத்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். தண்டவாளத்தில் உப்புக்காகிதம் தேய்த்தால் கீறலில் அழுக்கு அடைந்து நிரந்தரமாகத் தங்கும்.

நண்பருக்கு வருகிறேன். டீசல் ஓடிய காலத்துத் தர்மபுரி ஸ்டேஷனைக் கட்டப்போகிறார், அதற்கு அல்கோ வேண்டும், நியாயம். 1906-இல் வந்த மொரப்பூர்–தர்மபுரி இரண்டரை அடி கேஜ் பாதையின் மேலும் அவருக்கு ஒரு கண். 762 மி.மீட்டரை 87-ஆல் வகுத்தால் 8.76, ஆகவே 9 மி.மீ. தண்டவாளம் கச்சிதம். ஆனால் குட்டி எஞ்சினில் கரண்ட் எடுக்கும் சக்கரமே குறைவு. பன்னிரண்டு சக்கரம் வைத்தும் இது விக்குகிறது என்பதை நினைத்துப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போகட்டும்.

இதை வாங்கலாமா? வேண்டாம். இந்த விலைக்கும் வேண்டாம். இவ்வளவு அருமையான மோட்டாரை உள்ளே வைத்தவர்கள் பத்துச் சொட்டு ஈயத்தில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அதை எடைபோட்டு மன்னிக்க எனக்கு இப்போது மனம் வரவில்லை. ஏற்கெனவே ஆர்டர் போட்டுவிட்டார் என்றால், கூடவே அச்சுப் பல்சக்கரம் ஆறும் சேர்த்து வாங்கட்டும், வண்டி வந்ததும் தண்டவாளத்தில் வைப்பதற்கு முன் மேல்கூட்டைத் திறந்து அயர்னைச் சூடாக்கட்டும்.