கன், டார்ஃப், ஸோல்: ஜெர்மனில் ‘உதவட்டுமா?’ என்று கேட்க எது சரி?

செவிலியர் வேலைக்கு ஜெர்மனி போகிறவர்களுக்கு நான் மொழி வகுப்பு எடுக்கிறேன். உதவ முன்வரும் தொடர்கள் என்று பாடத்தில் ஏழெட்டு வரும். எல்லாவற்றுக்கும் எதிரே ‘உங்களுக்கு உதவலாமா?’ என்று ஒரே பொருளை எழுதிவைத்துக்கொண்டு மனப்பாடம் செய்வார்கள். பிறகு ஒரு கேள்வி தவறாமல் வரும்: “இதுல எது மிஸ் ரொம்ப மரியாதை?”

மரியாதை எல்லாவற்றிலும் இருக்கிறது. ‘ஸீ’ என்றோ ‘ஈனன்’ என்றோ சொன்ன உடனே அது வந்துவிடுகிறது. நமக்கு ‘நீங்கள்’, ‘உங்களுக்கு’ போல. தொடருக்குத் தொடர் மாறுவது வேறொன்று: வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும் உரிமையை எதிரே இருப்பவரிடம் எவ்வளவு விட்டுவைக்கிறோம் என்பது. நான் அதை வைத்துத்தான் இவற்றை ஒப்பிடுவேன்.

அதற்கு முன் இலக்கணத்தில் ஒரு வார்த்தை. ஆங்கிலம் வழியாக ஜெர்மன் படிப்பவர்கள் ‘ஹெல்ஃபன்’ (உதவுவது) என்ற வினையில் தடுமாறுவார்கள். உதவி பெறுபவர் அங்கே ‘டாட்டிவ்’ வேற்றுமையில் வரவேண்டும். தமிழில் யோசித்தால் தடுமாற்றமே இல்லை. யாரை உதவுகிறேன் என்று நாம் கேட்பதில்லை, யாருக்கு உதவுகிறேன் என்றுதான் கேட்கிறோம். நம்முடைய ‘கு’ உருபு வரும் இடத்தில் அவர்களுடைய ‘ஈனன்’. இன்னொரு வினை ‘உன்டர்ஷ்ட்யூட்ஸன்’, ஆதரிப்பது, துணைநிற்பது. அதற்கு ‘ஈனன்’ வராது, ‘ஸீ’தான். உங்களுக்கு உதவுகிறேன், உங்களை ஆதரிக்கிறேன்: இரண்டு மொழியும் இங்கே ஒரே தடத்தில் போகின்றன. இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பிழை குறைந்துவிடும் என்பது என் அனுபவம்.

இனி தொடர்கள். ‘கன் இஷ் ஈனன் ஹெல்ஃபன்?’ என்பது ‘நான் உங்களுக்கு உதவ முடியுமா?’. ‘இஷ்’ என்றால் நான். இது எங்கும் செல்லும். கடை, ரயில் நிலையம், அலுவலக வரவேற்பு, எங்கே சொன்னாலும் தவறாகாது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் குரலைக் கவனிக்க வேண்டும். தெரியாத ஒருவர் அடுக்ககத்தின் முற்றத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறார், மேல்மாடியிலிருந்து ஒரு பாட்டி இதே கேள்வியைக் கேட்கிறார் என்றால், “இங்க என்ன பண்றீங்க?” என்று அர்த்தம். நம் தெருவில் “யாரு வேணும் உங்களுக்கு?” என்று கேட்பதுபோலத்தான்.

‘ஸோல் இஷ் ஈனன் ஹெல்ஃபன்?’ என்பது ‘உதவட்டுமா?’. செய்ய நான் தயார், சொல்லுங்கள் என்ற தொனி. லிஃப்ட் வேலை செய்யாத நிலையத்தில் குழந்தை வண்டியோடு படிக்கட்டுக்குக் கீழே ஒரு தாய் நிற்கிறார். அங்கே இதுதான் இயல்பாக வாயில் வரும். பக்கத்து வீட்டாரிடமும் இது பொருந்தும். கொஞ்சம் நெருக்கமானது, ஆனாலும் மரியாதை குறையாதது.

‘டார்ஃப் இஷ் ஈனன் ஹெல்ஃபன்?’ அனுமதி கேட்கிறது. என் மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொல்லித்தருவது இதைத்தான். ஒருவருடைய உடலையோ, உடையையோ, கைப்பையையோ தொடப்போகிறோம் என்றால் ‘டார்ஃப்’. முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு காலை வேளையில் நான் பார்த்தது: கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் வலது காலணிக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்து சில நாளே ஆன பெண் ஓடிவந்து குனிந்து இடது காலணியை எடுத்துப் போட்டுவிட முயன்றாள். நல்ல மனம்தான், வீட்டில் தன் ஆச்சிக்கும் அப்படித்தான் செய்திருப்பாள். அந்த அம்மா காலைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த மூத்த செவிலியர் கைகட்டியபடி ஒரே கேள்வி கேட்டார்: “டார்ஃப் இஷ் ஈனன் பைம் அன்ட்ஸீயன் ஹெல்ஃபன்?” அணிந்துகொள்ள உதவ அனுமதி உண்டா? அம்மா வேண்டாம் என்றார். இரண்டாவது காலணிக்கு நாலைந்து நிமிடம் ஆனது. ஒட்டுப் பட்டையை அவரே இழுத்து ஒட்டினார்.

அங்கே பராமரிப்புப் பயிற்சியில் இதற்குப் பெயரே உண்டு, ‘அக்டிவீரெண்டெ ஃப்ளேகெ’. ஒருவரால் முடிந்ததை அவரே செய்ய விட்டு, முடியாததற்கு மட்டும் கைகொடுப்பது. அதனால் ‘டார்ஃப்’ வாக்கியத்தோடு ‘பைம்’ சேர்த்துப் பழகச் சொல்வேன்: ‘பைம் அவுஃப்ஷ்டேயன்’ எழுந்திருக்க, ‘பைம் வாஷன்’ கழுவ. எதில் உதவி என்று தெரிந்தால்தான் ஆம் இல்லை என்று ஒருவரால் சொல்ல முடியும். மொட்டையாக ‘உதவலாமா?’ என்று கேட்டால் எதற்கென்று புரியாமல் பயந்துபோகிறவர்களும் உண்டு.

இதற்கு நேர் எதிரானது, “இப்ப எந்திரிக்கலாமா நாம?” என்று ‘நாம்’ போட்டுக் கேட்பது. நம் ஊர் மருத்துவமனையிலும் “சாப்ட்டோமா? தூங்கினோமா?” கேட்டிருப்பீர்கள். ஜெர்மனில் இதற்குச் செவிலியர் பன்மை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், பாராட்டாக அல்ல. வளர்ந்தவரைக் குழந்தையாக்கிவிடுகிறது. வேண்டாம்.

‘கன் இஷ் ஈனன் பெஹில்ஃப்லிஷ் ஸைன்?’ பகட்டானது. உயர்தர ஹோட்டல் வரவேற்பறையில் அழகாக ஒலிக்கும், மருத்துவமனை அறையில் விறைப்பாக ஒலிக்கும். கேட்டால் புரிய வேண்டும், சொல்லிப் பழக வேண்டியதில்லை. அலுவலகத்திலும் தொலைபேசியிலும் அதைவிட ‘வாஸ் கன் இஷ் ஃப்யூர் ஸீ டூன்?’ மேல். ‘உங்களுக்காக என்ன செய்யட்டும்?’ ‘ஃப்யூர்’ என்ற சொல்லுக்கு அடுத்து ‘ஈனன்’ வராது, ‘ஸீ’தான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கடையில் இரண்டு கேள்விகள் காதில் விழும். ‘கொம்மன் ஸீ ட்ஸுரெஷ்ட்?’ என்றால் ‘நீங்களே பார்த்துக்கொள்கிறீர்களா, சிரமமில்லையே?’ இது எனக்கு மிகவும் பிடித்தது. உதவி என்ற சொல்லே இல்லாமல் உதவ முன்வருகிறது. இன்னொன்று ‘வேர்டன் ஸீ ஷோன் பெடீன்ட்?’, உங்களை யாராவது கவனிக்கிறார்களா? பதில் சொல்லும்போது எச்சரிக்கை. ‘இஷ் வேர்ட ஷோன் பெடீன்ட்’ என்றால் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். ‘வேர்ட’வை விட்டுவிட்டு ‘இஷ் பின் பெடீன்ட்’ என்றால் ‘போதும்டா சாமி, வெறுத்துப்போச்சு’.

இப்படி இன்னொரு கண்ணி தமிழர்களுக்கென்றே இருக்கிறது. ‘உங்களுக்கு நான் உதவுகிறேன்’ என்று நாம் இயல்பாக ‘உங்களுக்கு’ என்று தொடங்குவோம். அதே வரிசையில் ஜெர்மனுக்குப் போய் ‘ஈனன்’ மேல் அழுத்தம் கொடுத்து ‘ஈனன் வேர்ட இஷ் ஹெல்ஃபன்!’ என்றால் மிரட்டலாகிவிடும். குறும்பு செய்யும் பிள்ளையிடம் ‘டீர் வேர்ட் இஷ் ஹெல்ஃபன்!’ என்பார்கள், ‘இரு, உனக்கு இருக்கு’ என்று நம் வீட்டில் சொல்வோமே, அது. அதனால் ‘இஷ்’ முன்னே, ‘ஈனன்’ பின்னே. பை நழுவி விழப்போகிறது, கேட்க நேரமில்லை என்றால் ‘வார்டன் ஸீ, இஷ் ஹெல்ஃப ஈனன்’, ‘இருங்க, நான் பிடிக்கிறேன்’ என்பது போதும்.

கடிதத்துக்கு வழக்கமான முடிவு ‘ஃப்யூர் ரூக்ஃப்ராகன் ஷ்டேயெ இஷ் ஈனன் கெர்னெ ட்ஸூர் ஃபெர்ஃப்யூகுங்’, அதாவது ‘மேலும் கேள்விகள் இருந்தால் பதில் சொல்லத் தயாராக இருக்கிறேன்’. விண்ணப்பக் கடிதத்தில் இது பாதுகாப்பானது, தேய்ந்ததும்கூட. முன்பே கடிதப் போக்குவரத்து இருக்கும் ஒருவருக்கு ‘மெல்டன் ஸீ ஸிஷ் கெர்னெ’ (‘தாராளமாகத் தொடர்புகொள்ளுங்கள்’) என்று எழுதினால் மனிதர் எழுதியதுபோல இருக்கும். ‘ட்ஸ்யோகர்ன் ஸீ நிஷ்ட்’, அதாவது ‘தயங்காதீர்கள்’ என்று தொடங்குவது ஆங்கிலக் கடித வாசனை அடிப்பதால் நான் சிபாரிசு செய்யமாட்டேன். எதை எழுதினாலும் ‘ஈனன்’ பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். சிறிய எழுத்தானால் ‘அவர்களுக்கு’ என்றாகி, உங்கள் உதவி வேறு யாருக்கோ போய்விடும்.

கடைசியாக, வரும் பதிலைப் படிப்பது. நாம் முதல் முறை “வேண்டாங்க, பரவாயில்ல” என்போம், இரண்டாம் முறை கேட்டால் வாங்கிக்கொள்வோம். அங்கே ‘நைன், டாங்கெ’ என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ளலாம். வெறும் ‘டாங்கெ’ என்று மட்டும் சொன்னாலும் பெரும்பாலும் மறுப்புதான். வேண்டும் என்பவர் ‘யா, கெர்னெ’ என்பார், அல்லது ‘யா, பிட்டெ’. அதைக் கேட்ட பிறகு கையை நீட்டுங்கள்.