நோய்க் கண்காணிப்பு இணையத்தளம்: வேலூரிலிருந்து ஒரு மதிப்பீடு

குடியாத்தம் பக்கம் சிறிய மருத்துவமனை நடத்துபவன் என்ற முறையில் ஐ.எச்.ஐ.பி. என்ற மத்திய அரசின் ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளத்தைப் பற்றி எழுதுகிறேன். 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் வாராந்தரப் படிவங்களுக்கு மாற்றாக, 2021 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் வந்த தளம் இது. கிராம சுகாதார செவிலியர் அறிகுறிகளையும், மருத்துவர் தாம் கருதும் நோயையும், ஆய்வகம் உறுதியான முடிவையும் இதில் தனித்தனியே பதிகின்றனர். பதிவதற்கு நல்ல வசதி. ஆனால் பதிந்ததை வைத்து உள்ளூரில் வேலை செய்வது அத்தனை எளிதன்று.

வேலூரில் முகவரியே பெருந்தொல்லை. மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சிகிச்சைக்கு வருபவர் ஓ.பி. சீட்டில் தாம் தங்கியிருக்கும் லாட்ஜின் முகவரியைக் கொடுத்துவிட்டால், ஊரிலிருந்து கொண்டுவந்த காய்ச்சலுக்கும் அந்தத் தெருவில்தான் கொசு மருந்து அடிக்கப்படும். பேரணாம்பட்டிலிருந்து வந்தவருக்கு அவசரத்தில் ‘வேலூர்’ என்று மட்டும் பதிந்தாலோ, அவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை. டெங்குவில் இன்னொரு சிக்கல் உண்டு: விரைவுப் பரிசோதனை அட்டையில் நோய் தெரிந்தாலும், ஆய்வகத்தில் செய்யும் எலிசா ரத்தப் பரிசோதனையின் முடிவு இல்லாமல் அது உறுதியான கணக்கில் ஏறாது. பழைய ஆண்டுகளோடு ஒப்பிடலாம் என்றால், 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டதால் வட்டவாரியாகப் பிரித்தெடுக்காத எண்கள் உதவமாட்டா. மக்கள்தொகைக்கும் 2011 கணக்கெடுப்பையே நம்ப வேண்டியிருக்கிறது.

வேலூரை உள்ளடக்கிய பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் 1980களில் சி.எம்.சி.யின் (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) டாக்டர் டி. ஜேக்கப் ஜான் முன்னெடுத்த கண்காணிப்பு முறைக்குக் கருவி வெறும் அஞ்சலட்டைதான். அரசு மருத்துவமனைகளோடு தனியார் மருத்துவமனைகளும் அட்டை அனுப்பின. தொகுத்த விவரம் மாத இதழாக அவர்களுக்கே திரும்பி வந்தது. அட்டை எழுதியவருக்கும் அதனால் பயன் இருந்தது என்பதே, என் பார்வையில், அந்த முறையின் பெரிய பலம்.

இத்தளத்திலும் நான் முதலில் எதிர்பார்ப்பது அதைத்தான்: வட்டத்தின் வாரநிலவரம் பதிந்த மருத்துவருக்குத் தானாக வந்து சேர வேண்டும். மழைக்குப் பிந்தைய மாதங்களில் காய்ச்சலோடு வருபவரின் அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் ஸ்க்ரப் டைபஸின் (ஒருவகைச் சிற்றுண்ணி கடித்து வரும் காய்ச்சல்) அடையாளமான கருத்த பொருக்கைத் தேடுகிறோம். எல்லாரிடமும் அது இருப்பதில்லை. பக்கத்து ஊர்களில் அந்நோய் பதிவாகியிருப்பது தெரிந்தால், ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் அதற்கான டாக்சிசைக்ளின் மருந்தைத் தொடங்கிவிடலாம். பதிவு வசதிக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். உள்ளூர்ப் பயனுக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.